கண்டி மலைகளை அளந்த திரிகோணகணிதம்

கண்டி மாநகரை மாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து செல்கிறது. ஆற்றுக்கு அப்பால் மலைகள் அடுக்கடுக்காய் எழுகின்றன. இயற்கை வகுத்த இந்த அரண் போதாதென்று கண்டி மன்னர் தாமும் ஓர் அரண் வகுத்திருந்தனர். மலைவழிகளை அகலப்படுத்தாது ஒற்றையடிப் பாதைகளாகவே விட்டனர். கணவாய்தோறும் முட்கதவு நாட்டிக் காவல் வைத்தனர். 1660ஆம் ஆண்டிற் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகளை மலைநாட்டுச் சிற்றூர்களிற் கழித்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியான தம் நூலில் இக்கதவுகளைப் பற்றி விரிவாகவே கூறியுள்ளார். நாட்டின் வடிவத்தை அயலார் அறியாதிருத்தல் நாட்டுக்குக் காவல் என்பதை அம்மன்னர் நன்குணர்ந்திருந்தனர் என்க. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தைக் கருத்தோடு வரைந்தனர்; உள்நாட்டைப் பொறுத்தவரையிற் கேள்விச் செய்தியையும் ஊகத்தையுமே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது.

1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. முட்கதவுகள் வீழ்ந்தன. ஆயினும் மலைகள் அங்கேயே நின்றன. ஒரு மலையுச்சிக்கும் அடுத்த மலையுச்சிக்கும் இடைப்பட்ட தூரம் எவ்வளவு என்ற எளிய வினாவுக்கு விடை கூற வல்லார் அன்று எவருமிலர். நிலத்தில் அளவுச் சங்கிலியை இழுத்துச் செல்வது சமதரைக்கு ஏற்ற முறை. பள்ளத்தில் இறங்கி ஆற்றைக் கடந்து காட்டைத் துளைத்து ஏறும் சங்கிலி அளப்பது இரு உச்சிகளின் இடைத்தூரத்தையன்று. வழிநடந்த களைப்பை அளக்கிறது என்றால் மிகையாகாது. மலைநாட்டை அளப்பதற்கு ஒரே வழி, தூரத்தை அளப்பதை இயன்றவரை தவிர்த்துக் கோணத்தை அளப்பதே.

அம்முறையின் அடிப்படை பள்ளி மாணவர் அறிந்ததொன்று. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால், பக்கங்கள் எதிர்க்கோணங்களின் சைன்களுக்கு விகிதசமம் என்னும் விதியால் மற்றை இரு பக்கங்களும் கிடைத்துவிடும். சமதரையில் ஓர் அடிக்கோட்டை மட்டும் மிகுந்த கவனத்தோடு அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றொன்றை நோக்கிக் கோணம் எடுத்தால் முதல் முக்கோணம் அமையும். அதன் பக்கமொன்றே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இவ்வாறு முக்கோணத்தின் மேல் முக்கோணம் வைத்து ஒரு நாடு முழுவதையும் மூடிவிடலாம்.

தமிழகம் இம்முறையை முன்னரே கண்டிருந்தது. உவில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் சென்னைப் பரங்கிமலைக்கு அண்மையில் ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அவ்வொரு கோட்டுக்கே ஐம்பத்தேழு நாட்கள் சென்றன. கோணம் அளத்தற்கு அவர் பயன்படுத்திய தியோடலைற்று அரைத் தொன் எடையுள்ளது. அது கடல்வழி வருகையிற் பிரெஞ்சுக்காரர் கையிலகப்பட்டு, மொரிசியசுத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்பு அவர்களாலேயே மரியாதையுடன் திருப்பி அனுப்பப்பட்ட கருவி. சமதரையான சோழநாட்டிற் குன்றுகள் இல்லாமையாற் கோயிற் கோபுரங்களே நிலையங்களாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே கயிறு கட்டி ஏற்றுகையில் அக்கருவி சுவரில் மோதி, அதன் வட்டத்தட்டு நெளிந்துவிட்டது. வேறொருவராயின் பணியைக் கைவிட்டிருப்பர். லாம்டன் திருச்சிராப்பள்ளியிற் கூடாரத்துக்குள்ளேயே ஆறு வாரம் அடைந்து கிடந்து, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் அவ்வட்டத்தை மெல்ல மெல்ல இழுத்து மீண்டும் வட்டமாக்கினார். கோணத்தின் நுட்பம் வட்டத்தின் நுட்பத்திலேயே தங்கியிருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சோழநாட்டில் இல்லாத வசதி கண்டிக்கு உண்டு. அந்தானை, அலகல்லை, உன்னசுகிரியா, நக்கிள்சு எனப் பார்வைக்கு எட்டும் உச்சிகள் பல. ஆனால் அங்கும் ஓர் இடர் காத்திருந்தது. பெரிய முக்கோணங்களின் முனைகளாகிய உச்சிகளை நிறுவியபின், அவற்றிற்கு இடையிலுள்ள ஆற்று வளைவு, பாதைச் சந்தி, கிராமம் ஆகியவற்றைப் படத்திற் குறித்தல் வேண்டும். ஒவ்வோர் இடத்துக்காகவும் மூன்று மலைகளின் மேலும் மீண்டும் ஏறிக் கோணம் எடுப்பதென்றால் ஒரு வாழ்நாள் போதாது. மேலும், தென்மேற்குப் பருவம் மே தொடங்கிப் பல மாதங்களுக்கு உச்சிகளை மூடிவிடும். வடகீழ்ப் பருவம் ஆண்டின் இறுதியில் மீண்டும் மூடும். வானம் தெளியும் காலம் சிறிது. ஆதலால் வினா தலைகீழாயிற்று: மலையுச்சிக்கு ஏறாமலே, தான் நிற்கும் இடத்தில் நின்றவாறே, தெரிந்த மூன்று உச்சிகளை நோக்கி இரண்டு கோணங்களை மட்டும் அளந்து தன் இடத்தை அறிய முடியுமா?

இவ்வினா கண்டியிற் பிறந்ததன்று. ஒல்லாந்து நாட்டு உவில்லிபுரோர்ட் சினெல்லியசு 1617இல் வெளியிட்ட நூலில், லெய்டன் நகரின் மூன்று கோபுரங்களை நோக்கித் தம் வீட்டின் இடத்தைக் கணித்துக் காட்டினார். 1692இல் பிரான்சு நாட்டுப் பொத்தனோ என்பவர் இதனையே மீண்டும் எடுத்தாண்டமையால், இது நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கியது. முதல்வருக்குரிய பெயர் பின்வந்தவருக்குப் போவது கணித வரலாற்றில் அரிதன்று.

வினாவின் உள்ளமைப்பை நோக்குக. தெரிந்த உச்சிகள் மூன்றையும் இடமிருந்து வலமாகக் க, ச, த எனவும், நோக்குபவர் நிற்கும் இடத்தை ம எனவும் கொள்வோமாயின், கச, சத என்னும் தூரங்களும் ச என்னும் உச்சியிலுள்ள கோணமும் முன்னரே தெரிந்தவை. மவில் நின்று கச என்பதற்கு எதிரான கோணத்தையும் சத என்பதற்கு எதிரான கோணத்தையும் அளக்கிறார். தெரியாதவை இரண்டு: கவிலுள்ள கோணம் அ, தவிலுள்ள கோணம் இ. மகசத ஒரு நாற்கோணம். அதன் கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை. ஆகவே அ + இ உடனே கிடைக்கும். இனி, மச என்னும் கோடு இரு முக்கோணங்களுக்கும் பொதுவானது. அதன் நீளத்தை இரு முக்கோணங்களிலிருந்தும் தனித்தனியே சைன் விதியால் எழுதிச் சமப்படுத்தினால், சைன் அ, சைன் இ ஆகியவற்றின் விகிதம் கிடைக்கும். கூட்டுத்தொகை ஒரு சமன்பாடு. சைன்களின் விகிதம் மற்றொரு சமன்பாடு. வகுப்பறையில் ஒருங்கமை சமன்பாடுகள் என்று வரும் கணக்கே இங்கு மலைச்சாரலில் வந்து நிற்கிறது.

கோணங்களின் கூட்டுத்தொகை தெரியும். சைன்களின் விகிதம் தெரியும். ஆயினும் இவ்விரண்டும் வெவ்வேறு மொழி பேசுபவை. ஒன்று கோணத்தைக் கூறுவது. மற்றது கோணத்தின் சைனைக் கூறுவது. இரண்டையும் ஒரு மொழிக்குக் கொண்டுவருவதே சர்வசமன்பாட்டின் தொழில். சமன்பாடு சில பெறுமானங்களுக்கே உண்மையாகும். சர்வசமன்பாடோ எக்கோணத்துக்கும் உண்மையாவது. ஆதலின் அது புதிய செய்தி எதனையும் தருவதில்லை. இருக்கும் செய்தியின் உருவை மாற்றித் தருவது.

இதற்கு இரண்டு வழிகள் உள. முதல்வழி இந்தியக் கணிதருக்கு நெடுநாட் பழக்கமானது. அ என்பது கூட்டுத்தொகையிலிருந்து இ கழித்ததாதலின், இரு கோணங்களின் வித்தியாசத்துக்குரிய சைன் விதியால் அதனை விரித்தெழுதலாம். அவ்விதியைப் பாசுகராசாரியர் 1150இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியிற் காணலாம். அதற்கு அறுநூறு ஆண்டுக்கு மேல் முற்பட்ட 499ஆம் ஆண்டில், ஆரியபட்டர் ஆரையை 3438 கலையாகக் கொண்டு, மூன்றே முக்காற் பாகைக்கு ஒன்றாக இருபத்துநான்கு சைன்களுக்கு அட்டவணை வகுத்துவிட்டார். அவர்கள் அதனைச் சைன் என்று அழைக்கவில்லை. வில்லின் நாண் என்னும் பொருள்பட ஜ்யா என்றும் ஜீவா என்றும் அழைத்தனர். அராபியர் அச்சொல்லை ஒலிபெயர்த்து எழுதினர். உயிர்க்குறியின்றி எழுதப்பட்ட அச்சொல்லை மடிப்பு என்னும் பொருளுடைய வேறொரு சொல்லாகப் படித்து, 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் மொழிபெயர்த்தனர். அதுவே சைன் ஆயிற்று. வட்டத்தின் நாணை நாண் என்றே எழுதும் தமிழ் மாணவர், அடுத்த பக்கத்திற் சைன் என்று எழுதும்போது அந்நாணின் பாதியையே வேற்றுடையில் எழுதுகின்றனர்.

முதல்வழியால் வரும் விடை சுருங்கியதே. விகிதத்தோடு கூட்டுத்தொகையின் கோசைனைக் கூட்டி, கூட்டுத்தொகையின் சைனால் வகுத்தால் இயின் கோதான்சன் கிடைக்கும். இன்று கணிப்பான் கையில் உள்ளவர் இவ்வழியையே விரும்புவர். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் அளவையாளர் இதனை விரும்பவில்லை. காரணம் கணிதத்தில் இல்லை. கணிக்கும் கருவியில் உள்ளது. அவருடைய கருவி மடக்கை அட்டவணை. நேப்பியர் 1614இல் வெளியிட்ட மடக்கை, பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் ஆக்கித் தந்தது. ஏழிலக்க எண்களை விளக்கொளியிற் பெருக்கித் தவறும் தொல்லை அதனால் ஒழிந்தது. ஆயின் மடக்கைக்குக் கூட்டல் தெரியாது. சூத்திரத்தின் நடுவே ஒரு கூட்டற்குறி வந்தால், மடக்கையிலிருந்து எண்ணுக்குத் திரும்பி, கூட்டி, மீண்டும் மடக்கைக்குச் செல்ல வேண்டும். எனவே கூட்டலைப் பெருக்கலாக மாற்றும் சர்வசமன்பாடுகளே அளவையாளரின் உற்ற துணையாயின. இதிலொரு விந்தையுண்டு: மடக்கை பிறப்பதற்கு முன், 1580களில் தைக்கோ பிராகியின் வானாய்வுக் கூடத்தில் அதே சர்வசமன்பாடுகளை எதிர்த்திசையில், பெருக்கலைக் கூட்டலாக்கப் பயன்படுத்தினர்.

இரண்டாம் வழி அத்தகையது. 1583இல் தோமசு பிங்கே என்பார் தம் நூலில் எடுத்துரைத்த தான்சன் விதியே அது:

(சைன் அ − சைன் இ) ÷ (சைன் அ + சைன் இ) = தான்சன் ½(அ − இ) ÷ தான்சன் ½(அ + இ)

இடப்பக்கம் விகிதத்தை மட்டுமே பொறுத்தது, விகிதம் தெரியும். வலப்பக்கத்திற் கூட்டுத்தொகையின் பாதி தெரியும். எஞ்சுவது வித்தியாசத்தின் பாதி ஒன்றே. கூட்டுத்தொகையும் வித்தியாசமும் தெரிந்தபின் இரு கோணங்களையும் காண்பது சிறுவர் வேலை. இடப்பக்கத்தில் இன்னமும் ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் உள்ளனவே எனின், அதற்கும் விடையுண்டு. விகிதத்தை ஏதோ ஒரு துணைக்கோணத்தின் தான்சனாகக் கொண்டால், இடப்பக்கம் முழுவதும் அத்துணைக்கோணத்தில் 45 பாகை கழித்துவரும் கோணத்தின் தான்சனாகிவிடும். அத்துணைக்கோணம் எந்த மலைக்கும் எந்த ஆற்றுக்கும் உரியதன்று. கணக்கை மடக்கைக்கு இணங்கச் செய்வதற்காகவே தோன்றி மறைவது.

ஓர் எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். கச 10 மைல், சத 8 மைல், சவிலுள்ள கோணம் 165 பாகை, மவில் அளந்த கோணங்கள் முறையே 30, 45 பாகை எனக் கொள்க. அ + இ = 120 பாகை. சைன் அ ÷ சைன் இ என்னும் விகிதம் 0.5657. துணைக்கோணம் ஏறத்தாழ 29 பாகை 30 கலை. 45 பாகையைக் கழிக்க −15 பாகை 30 கலை. அதன் தான்சனை 60 பாகையின் தான்சனாற் பெருக்க −0.4805. ஆகவே வித்தியாசத்தின் பாதி −25 பாகை 40 கலை. அ 34 பாகை 20 கலை, இ 85 பாகை 40 கலை. இனி மசவின் நீளத்தை இரு முக்கோணங்களிலிருந்தும் கணித்தால் இரண்டும் 11.28 மைல் என ஒத்துவரும். ஒத்துவராவிடின் எங்கோ தவறு நேர்ந்தது என்பதைத் தாளே சொல்லிவிடும். மீண்டும் மலையேற வேண்டியதில்லை.

ஆனால் ஓரிடத்தில் இம்முறை முற்றிலும் கைவிடும். அ + இ 180 பாகையாகவும் விகிதம் 1 ஆகவும் அமைந்தால், வலப்பக்கத்தில் 90 பாகையின் தான்சன் வரும், இடப்பக்கம் பூச்சியமாகும். எல்லையற்றதைப் பூச்சியத்தாற் பெருக்கினால் விடை யாது? எதுவுமில்லை. கணக்கின் குற்றமன்று இது, நிலத்தின் குற்றம். ம என்னும் இடம் மூன்று உச்சிகளின் ஊடாகவும் செல்லும் வட்டத்தின் மேலேயே இருக்கும்போது இவ்வாறாகும். ஒரே துண்டத்திலுள்ள கோணங்கள் சமம் என்னும் யூக்கிளிட்டின் தேற்றப்படி, அவ்வில்லில் எங்கு நின்றாலும் அதே இரு கோணங்களே தெரியும். இரண்டு சமன்பாடுகள் என்று எண்ணியவை உண்மையில் ஒரே சமன்பாடாய் முடியும். அளவையாளர் இதனை அபாய வட்டம் என்பர். மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற கண்டிப் பள்ளத்தாக்கில் இதற்கு ஓர் இயற்கைப் பரிகாரம் உண்டு. மூன்று உச்சிகளும் அமைக்கும் முக்கோணத்தின் உள்ளே நிற்பவர் ஒருபோதும் அவ்வட்டத்தின்மேல் நிற்க இயலாது. வெளியே நின்று ஒரே திசையில் மூன்று உச்சிகளையும் நோக்குபவரே இவ்வபாயத்துக்கு அஞ்ச வேண்டியவர்.

கண்டி மலைகளை இவ்வாறு முக்கோணங்களுக்குள் அடக்கும் பணியைத் தலைமையேற்று நடத்தியவர் யோன் பிரேசர் என்னும் படையதிகாரி. பேராதனையில் மாவலிக்குக் குறுக்கே 205 அடி நீளமான ஒற்றை வளைவில், ஆணியின்றி முதிரை மரத்தாலே 1833இல் அமைந்த புகழ்பெற்ற பாலத்தை வகுத்தவரும் அவரே. அப்பாலம் 1905இல் அகற்றப்பட்டது. தெருக்கள் அமைத்த தோமசு ஸ்கின்னரும் மலைநாட்டு அளவையிற் பங்குகொண்டவர். பிரேசரின் இலங்கைப் படம் 1862இல் இலண்டனில் வெளியாயிற்று. படத்திற் பெயர் பெற்றவர் ஒருவர். நோக்குகோட்டை மறைத்த காட்டை உச்சிதோறும் வெட்டியவரும் கருவிப் பெட்டியைத் தோளிற் சுமந்தவரும் படத்தில் இடம்பெற்றிலர்.

அளக்கப்பட்ட நிலம் என்னவாயிற்று என்பதையும் நோக்கல் வேண்டும். கண்டி நாட்டில் வயலின் அளவு அதில் விதைக்கும் நெல்லால் அறியப்பட்டது. இத்தனை அமுணம், இத்தனை பெல, இத்தனை லாக என்பர். பத்து லாக ஒரு பெல, நான்கு பெல ஓர் அமுணம். யாழ்ப்பாணத்து உறுதிகளிலும் இலாச்சம் வரகு, இலாச்சம் நெல் என்று விதையே அளவாக வருதல் ஒப்புநோக்கற்பாலது. இவ்வளவையில் ஓர் அமுணம் எங்கும் ஒரே பரப்பாக இராது. வளமான மண்ணில் ஒன்று, மெலிந்த மண்ணில் வேறொன்று. அது பரப்பை அளக்காமல் நிலத்தின் தகுதியை அளந்தது. காடும் சேனையும் இக்கணக்கில் உழுதுண்பாரின் வழக்குரிமையோடு பிணைந்தே நின்றன. முக்கோணமோ வளமும் மெலிவும் அறியாது. அதற்கு எல்லா ஏக்கரும் ஒன்றே. எல்லா ஏக்கரும் ஒன்றானபோதே அவற்றை ஏலத்திற் கூறி விற்பது எளிதாயிற்று.

1820களிற் கம்பளைப் பக்கத்திலும் கன்னொறுவையிலும் தொடங்கிய கோப்பிச் செய்கை சில ஆண்டுகளில் மலைச்சரிவெங்கும் பரவியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியிருப்பற்ற நிலமும் மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியவை என்று கொண்டது. கண்டி மாகாணங்களிற் சேனை நிலமும் அவ்வாறே கொள்ளப்பட்டது. அரசன் வழங்கிய சன்னசு போன்ற ஆவணம் காட்டவியலாத சிற்றூரார், தலைமுறைதோறும் மாறிமாறி எரித்து விதைத்த சேனையைத் தமதென நாட்ட முடியாதவராயினர். ஏக்கர் 5 சிலிங்காக விற்கப்பட்ட நிலம் 1844இல் ஒரு பவுணாக உயர்ந்தது. விற்பனைக்கு முன் அளவை வேண்டும் என்பதால், 1800இல் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களத்துக்கு அக்காலத்திற் கையிலடங்கா வேலை குவிந்து கிடந்தது. அந்நிலத்திற் பாடுபடத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து வந்தோரில் எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தனர். துண்டு துண்டாக வரையப்பட்ட தோட்டப் படங்களில் எல்லைக் கோணங்கள் கலை பிசகாமல் எழுதப்பட்டுள்ளன.

திரிகோணகணிதத்தை இதற்குக் குற்றஞ்சாட்டுவோர் உளர். அஃது அத்துணைப் பொருத்தமன்று. காணிக்காரர் ஒருவர் தம் எல்லையை அயலவர் தள்ளிவிட்டார் என்று நீதிமன்றத்தில் நிறுவுவதற்கும் அதே கோணங்களே இன்றுவரை சான்றாகின்றன. எனினும், சட்டம் முன்னே சென்று நிலத்தை முடிக்குரியதென்றபின்னர் அளவை அதனைப் பின்தொடர்ந்தது என்பதையும், கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் அது யாருடைய நிலம் என்னும் வினாவைத் தொடவே இல்லை என்பதையும் வரலாறு எழுதுவோர் பிரித்துணர்தல் வேண்டும்.

பெரிய முக்கோணங்களின் கணக்கும் அத்துடன் முடியவில்லை. பூமி தட்டையன்று ஆதலால் முக்கோணத்தின் மூன்று கோணங்களும் 180 பாகையிலும் சற்று மிகும். ஏறத்தாழ 75 சதுர மைலுக்கு ஒரு விகலை என்பது கணக்கு. அவ்வொரு விகலையையும் விடாது சேர்த்துச் சரிசெய்யும் பணி அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. இலங்கைப் படங்களின் சதுரவலைக்குப் பிதுருதலாகலை மலையே மூலநிலையமாயிற்று. நாட்டில் எங்கும் குறை எண் வராதபடி அவ்வுச்சிக்குக் கிழக்கு 200,000 மீற்றர், வடக்கு 200,000 மீற்றர் என்று பெயர் கொடுத்தனர். 1999ஆம் ஆண்டின் புதிய முறையில் அவ்வெண்கள் 500,000 ஆயின. இன்று செய்மதிகள் இடத்தைச் சொல்லிவிடுகின்றன. ஆயினும் மரம் மூடிய பள்ளத்தில் செய்மதி தெரியாதபோது, அளவையாளர் மூன்று தெரிந்த புள்ளிகளை நோக்கியே கருவியை நிறுத்துகின்றனர். மடக்கை அட்டவணை மறைந்துவிட்டது. சினெல்லியசின் கணக்கைக் கருவியே ஒரு கணத்திற் செய்து முடிக்கிறது. அபாய வட்டத்தை அணுகி நிற்பவருக்கு அதுவும் தவறான இடத்தையே, தசமதானம் குறையாமற் காட்டுகிறது.